புலி பார்க்கப் போகாதவன் மச்சானுக்கு எழுதியது

புக்கிட் பாத்தோக்,
வெள்ளிக்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் மாசிலாமணி அவர்களுக்கு,

உங்கள் தங்கை வைதேகியின் கணவன் ரகுபதி பணிவான வணக்கத்துடன் எழுதுவது. பாசிர் ரிஸ்ஸில் நீங்களும் அமலா அக்காவும் நலம் என்பது நேற்று போனில் கேட்ட சிரிப்புச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை. நான் நலமாக இல்லை. நேற்று மட்டும் மூன்று முறை உங்களை அழைத்து நடந்ததை விளக்கப் பார்த்தேன். மூன்று முறையும் "மச்சான், அந்தப் பன்னி" என்று நான் தொடங்கியதுமே நீங்கள் சிரித்து, இருமி, போனை அக்காவிடம் கொடுத்து, அக்காவும் சிரித்து, கடைசியில் யார் வைத்தது என்று தெரியாமல் வைத்துவிட்டீர்கள். கடிதம் என்றால் நீங்கள் எவ்வளவு சிரித்தாலும் எழுத்து அங்கேயே இருக்கும். சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கலாம். ஆனால் படித்துவிடுங்கள். வைதேகி நாளை மறுநாள் காலை வந்து இறங்குகிறாள். அதற்குள் எனக்கு உங்கள் தயவு வேண்டும்.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு நீங்கள் ஆசை ஆசையாய் வாங்கிக் கொடுத்த சுற்றுலா அது. மத்தியப் பிரதேசத்தில் பத்து நாள். ஆறு முறை ஜீப்பில் ஏறிப் புலி பார்ப்பது, நடுநடுவே கோயில், கிராமம், பழங்குடியினரின் ஓவியம், நடனம், கூடவே வழிகாட்டி. வைதேகிக்கு முதலிலிருந்தே இஷ்டமில்லை. "எனக்குப் பல்லியே போதும்ங்க, புலி எதுக்கு?" என்றாள். நான்தான் விடவில்லை. லிட்டில் இந்தியாவில் அந்தச் சுற்றுலாக்காரர்களின் மாடியறையில் விளக்கக் கூட்டம் நடந்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவன் நான். வழிகாட்டி ரஞ்சன் நல்ல பையன். "விலங்கு எதிர்ல வந்தா ஓடக்கூடாது சார். ஓடினாத்தான் துரத்தும். அசையாம நிக்கணும்" என்றான். அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டு வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடுகிற பெரியவர்களுக்கெல்லாம் நின்று காட்டினேன். போதாததற்கு உங்கள் வீட்டு விருந்தில், அத்தனை பேர் முன்னாலும், "புலியைப் பாக்க ஒரு நெஞ்சு வேணும் மச்சான், பாசிர் ரிஸ் கடற்கரையில காத்து வாங்குறவங்களுக்கு அது வராது" என்று சொன்னேன். நீங்கள் அப்போது "பாஸ்போர்ட்டைச் சரி பாத்தீங்களா ரகு?" என்று மட்டும் கேட்டீர்கள். பார்த்தேன் மச்சான். இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் நான் பார்த்தது வைதேகியின் பாஸ்போர்ட்டை.

என்னுடையது காலாவதியாக, விசா எடுத்தபோது ஏழு மாதம் மிச்சம் இருந்தது. பயணத்தன்று பார்த்தால் ஐந்து மாதமும் பதினோரு நாளும். ஆறு மாதமாவது இருக்க வேண்டும் என்று ரஞ்சன் வாட்ஸ்அப் குழுவில் மூன்று தடவை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறான். மூன்றுக்கும் நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். போன வாரம் வியாழக்கிழமை சாங்கி விமான நிலையத்தில், பயணப்பதிவு மேசையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, "அங்கிள், சிக்ஸ் மந்த்ஸ் இல்லையே, ஏத்த முடியாது லா" என்றாள். நான் முப்பத்தோரு ஆண்டு பள்ளியில் ஒழுங்கு ஆசிரியராக இருந்தவன். சட்டம் பேசுகிறவர்களிடம் நான் எதிர்த்துப் பேச முடியாது. அந்தப் பக்கம் நின்று அதே பேச்சை ஆயுள் முழுக்கப் பேசியவன். குழுவில் இருந்த பதினான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். நான் அப்போது முஸ்தபா கடையில் வாங்கிய காக்கிச் சட்டை, எட்டுப் பை வைத்த கால்சட்டை, இலை படம் போட்ட தொப்பி எல்லாம் அணிந்திருந்தேன்.

வைதேகி தானும் போகவில்லை என்று பெட்டியைத் திருப்பினாள். நான் அதட்டினேன். அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை வீணாக்குவதா என்றேன். உண்மையைச் சொன்னால், இரண்டு பேரும் ஒன்றாய்த் திரும்பி வந்தால் அசிங்கம் இரட்டிப்பாகும் என்றுதான் நினைத்தேன். அவள் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்க தனியா வீட்ல இருந்தா அடுப்பைக் கொளுத்திடுவீங்க, இல்லாட்டிக் கண்டதையும் வாங்கித் தின்னுட்டு சர்க்கரையை ஏத்திக்குவீங்க. நேரா அண்ணன் வீட்டுக்குப் போங்க. சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். நாற்பது வருடத்தில் பாலம் தாண்டி ஜோகூருக்குக்கூட அவள் தனியாகப் போனதில்லை. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது தடவை திரும்புவதற்குள் நான் குனிந்துகொண்டேன்.

நான் ஏன் உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்பீர்கள். என்ன முகத்தோடு வருவது? ரயிலேறிப் பாசிர் ரிஸ் வரை வந்தேன் மச்சான், இது யாருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி, தொப்பியைப் பார்த்து, எதிர்ப்பக்க ரயிலில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கைக்கூட ஒன்றே ஒன்றுதான் போட்டுக்கொண்டு இருந்தேன். புளோக்கில் எல்லாரும் நான் காட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். வைதேகிக்கு மட்டும் தினமும் உங்கள் வீட்டிலிருந்து செய்தி அனுப்பினேன். "அமலா அக்கா வஞ்சிர மீன் குழம்பு வைத்தார். சோறு அளவாகச் சாப்பிட்டேன்." "மச்சானோடு கடற்கரையில் ஐயாயிரம் அடி நடந்தேன்." போன வருஷப் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினேன். அண்ணனிடம் போனைக் கொடுங்கள் என்று அவள் கேட்டபோது நீங்கள் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். மறுநாளும் குளித்தீர்கள். மூன்றாம் நாளும் குளித்தீர்கள். நீங்கள் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறவர் என்பதால் அதுவரை என் பிழைப்பு ஓடியது.

அவளிடமிருந்து படங்கள் வந்தன. சனிக்கிழமை ஒரு புலி குளத்தில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தாயும் இரண்டு குட்டியும் சாலையைக் கடந்தன. பல்லியைக் கண்டு நாற்காலி மேல் ஏறுகிறவள், நான்கு புலிகளைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் "நன்றாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். நான் இருட்டறையில் உட்கார்ந்து ரொட்டியில் ஜாம் தடவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

நான்காம் நாள், திங்கட்கிழமை, ரொட்டியைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வந்தது. காலை ஏழு மணிக்கு, யாருக்கும் அடையாளம் தெரியக்கூடாதென்று, அந்தக் காக்கி உடுப்பையே போட்டுத் தொப்பியை இறக்கிவிட்டு, நான்கு புளோக் தள்ளியிருக்கும் கடைக்குப் போய் இரண்டு முட்டை புரோட்டாவும் ஆட்டுக்கறிக் குழம்பும் பொட்டலம் கட்டி வாங்கினேன். கடையில் உட்கார்ந்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். பூங்காவுக்குள் போய், மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தேன். குழம்பு வாசம் எழுந்தது. புதரும் அசைந்தது.

அந்தக் காட்டுப்பன்றி சின்னதில்லை மச்சான். நீங்களெல்லாம் பார்த்த காணொளியில் அது சின்னதாகத் தெரிகிறது என்று பக்கத்து வீட்டுக் கையூம் அண்ணனும் சொல்கிறார். அது கேமராவின் குற்றம். பின்னால் நான்கு குட்டிகள் வேறு. நான் எழுந்தேன். ரஞ்சன் சொன்னது நினைவில் இருந்தது. அசையாமல் நின்றேன். கண்ணைப் பார்த்தேன். சரியாக எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்கு ஒரு பள்ளித் தவணை போல இருந்தது, காணொளியில் இரண்டு விநாடி. அது மூக்கைத் தூக்கி ஓர் உறுமல் விட்டது. அதன் பிறகு நான் ஓடினேன்.

மெதுவோட்டத்தில் வந்த ஒரு சீனப் பெண் போனைத் தூக்கியதை நான் பார்க்கவில்லை. சைக்கிளில் வந்த ஒரு மலாய் இளைஞன், "அங்கிள், த்ரோ தி ஃபூட்! ஃபூட்!" என்று கத்தினான். என் காதில் "ஃபுட்", அதாவது பாதம், என்று விழுந்தது. காலைத்தானே சொல்கிறான் என்று இன்னும் வேகமாக எடுத்து வைத்தேன். உடற்பயிற்சி மூலையில் இருந்த கம்பி ஏணியில் ஏறினேன். ஏறிய பிறகும் பொட்டலத்தை விடவில்லை. பன்றி கீழே நின்று நிமிர்ந்து பார்த்தது. நான் தொப்பியைக் கழற்றி எறிந்தேன். அது தொப்பியை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி என்னைப் பார்த்தது. அப்போதுதான் அதற்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. புரோட்டாவை எறிந்தேன். தாயும் பிள்ளைகளுமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அவசரமே இல்லாமல் போனார்கள். அந்தப் பெண் வந்து, "அங்கிள், ஓகே ஆ? இறங்க முடியுமா?" என்று கேட்டாள். நல்ல பெண். கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தொப்பி இல்லாமல் என் முகம் முழுசாகத் தெரிவது கடைசிப் பதினைந்து விநாடிதான்.

அந்தக் காணொளி இணையத்தில் ஏறி, மதியத்துக்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. "யார் இந்த அங்கிள்?" என்று ஒருத்தர் கேட்டதற்குக் கீழே, பிரேம் என்ற என் பழைய மாணவன், "எங்க டிசிப்ளின் மாஸ்டர் மிஸ்டர் ரகுபதி!" என்று எழுதிவிட்டான். அதற்கும் கீழே அர்ஜுன் என்பவன், "சார், காரிடார்ல ஓடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஓடுவான். இரண்டு மணிக்கு வாசல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் பக்கத்து வீட்டு அப்துல் கையூம் அண்ணன், கையில் போனோடு. "ரகு, நீங்க இப்ப மத்தியப் பிரதேசத்துலதானே இருக்கீங்க?" என்று கேட்டார். அவர் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் வீட்டுக்குள் போய் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அவர் வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு.

சாயங்காலம் வைதேகியிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. "என் அண்ணன் வீடு எப்போது புக்கிட் பாத்தோக்குக்கு மாறியது?" அதற்குப் பிறகு நான்கு நாளாகப் பேச்சில்லை, படமில்லை, புலியில்லை. நான் எழுதுவதைப் பார்க்கிறாள் என்று மட்டும் தெரிகிறது. அவள் உங்களை அழைத்ததும், ரகு இங்கே வரவே இல்லையே என்று நீங்கள் சொன்னதும் தெரியும். நீங்கள் உண்மை பேசியதற்காக நான் கோபப்படவில்லை. நாற்பது வருஷத்தில் நாங்கள் சண்டை போடாத வாரமில்லை, ஆனால் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பேசாமல் இருந்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்று அவளைத்தான் இத்தனை வருஷமும் கேலி செய்தேன். அவள் புலிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஏணியில் ஏறி நிற்கிறேன். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். இன்று சாயங்காலமே நான் உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இரண்டு நாளாவது அங்கே தங்கினால், நான் சொன்ன பொய்யில் ஒரு பகுதியாவது மெய்யாகும். அமலா அக்கா முடிந்தால் வஞ்சிர மீன் குழம்பு வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்தில் நீங்கள் எனக்கு முன்னால் நில்லுங்கள். உங்களைப் பார்த்தால் அவள் சிரிப்பாள். சிரித்த பிறகு நான் பின்னாலிருந்து வருகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் இருவருக்கும் நோயற்ற வாழ்வையும், சிரித்தால் வரும் அந்த இருமலுக்கு நல்ல மருந்தையும் ஆண்டவன் அருளட்டும்.

தங்கள் அன்புள்ள,
ரகுபதி

பின்குறிப்பு: பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும் கையூம் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்ப உறையை எடுத்தபோது போன் அடித்தது. வைதேகி. "சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். நான்கு நாளும் கோபத்தில் பேசாமல் இல்லையாம், பேச வாயெடுத்தால் சிரிப்பு வந்ததாம். அப்புறம் சொன்னாள்: "உங்ககிட்ட மறைக்க முடியலங்க. நான் ஒரு புலியையும் பாக்கல. முதல் நாள் காலைல நாலரைக்கு எழுப்பினாங்க, ஜீப்ல ஏறினேன். பக்கத்து சீட் காலியா இருந்துச்சு. குளிரு வேற. வண்டி கெளம்புறதுக்குள்ள இறங்கிட்டேன். அந்தப் படமெல்லாம் ரஞ்சன் எடுத்தது." தினமும் எட்டு மணி வரை தூங்கிவிட்டு, அங்கே ஓவியம் வரைகிற ஒரு அம்மாளோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். மயில் நன்றாக வருகிறதாம். "அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவ்வளவு ஆசையா வாங்கிக் கொடுத்தாரு, மனசு ஒடிஞ்சிடுவாரு" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அதையும் எழுதியே விட்டேன், சத்தியத்தைக் காப்பாற்ற இந்தக் கடைசித் தாளைக் கிழித்துத் திருப்பி எழுத வேண்டும். கையூம் அண்ணன் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். ஆகவே நீங்கள் எதையும் படிக்கவில்லை மச்சான். விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நிற்கவும் வேண்டாம், நானே முன்னால் நின்று அவள் பெட்டியை வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் புலியைப் பற்றிச் சொல்வாள். வாயைப் பிளந்து கேளுங்கள். நானும் கேட்பேன்.