துரைக்குப் போட்ட வேலி

துரையின் பின்னங்கால்களில் நாயுருவி ஒட்டியிருந்தது.

சர்வேயர் வராந்தா விளக்கைப் போட்டு, குனிந்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார். சந்தேகமே இல்லை, கொத்துக் கொத்தாக நாயுருவி விதை. அவர் தோட்டத்தில் நாயுருவி கிடையாது. புல்லைக்கூடக் கயிறு பிடித்து நேராக முளைக்கச் சொல்கிற மனிதர் அவர். நாயுருவி மண்டிக் கிடப்பது கால்வாய்க் கரையில்தான். அது வீட்டிலிருந்து அரை மைல்.

"ஏண்டா துரை, எங்கடா போயிட்டு வந்தே?"

துரை கொட்டாவி விட்டது.

காலையில் அவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போன கேட், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ஆக, நாய் தாழ்ப்பாளைத் திறந்து வெளியே போயிருக்கிறது. கால்வாய்க் கரையில் உலாத்தியிருக்கிறது. திரும்பி வந்து பொறுப்பாகத் தாழ்ப்பாளும் போட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சர்வேயர் முப்பத்தொரு வருஷமாக நில அளவை ஆபீசில், களத்தில் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துப் படம் போட்டவர். களத்தில் இருந்தது ஒரு நாய், ஒரு கேட், கொஞ்சம் நாயுருவி. நாலாவதாக ஒன்றும் இல்லை.

எதிர்ச் சாரியில் தையல் மாஸ்டரின் கடை. அங்கே உட்கார்ந்தால் சர்வேயர் வீட்டு கேட் முகத்துக்கு நேரே தெரியும்.

"மாஸ்டர், பகல்ல நம்ம நாய் வெளிய போச்சா, பார்த்தீங்களா?"

மாஸ்டர் வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். "நான் ஊசியைப் பார்க்கறதா, உங்க நாயைப் பார்க்கறதா சார்?"

சர்வேயர் வீடு திரும்பி, கேட் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார்.

கால்வாய்க்குப் போகிற வழியில் லாரி ஓடும் சாலை இருக்கிறது. துரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன பதில் சொல்வது?

துரை அவர் மனைவியின் நாய். அவள் தங்கை வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அங்கே குழந்தைக்கு நாயென்றால் பயம் என்று துரையை விட்டுப் போயிருந்தாள். போன காரணம் அரை அடி. தங்கை வீட்டுக்காரர் மதில் எழுப்ப வேண்டும், கொஞ்சம் அளந்து கொடுங்கள் என்றார். நம் வீட்டு மனுஷர்தானே என்கிற தைரியம். சர்வேயர் அளந்தார். அரை அடி பக்கத்து வீட்டுக்காரருடையது என்றார். பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் இதில் விசேஷம்.

"கேக்காத ஆளுக்கு வலியப் போய்க் குடுப்பீங்க, என் தங்கச்சியை அழ வைப்பீங்க" என்றாள் மனைவி.

"கோடு கோடுதான்."

"அப்ப உங்க கோட்டையே கட்டிக்கிட்டு அழுங்க."

அவளும் போய்விட்டாள், அவரும் கோட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதது யாருக்கும் தெரியாது.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் போன் வரும். எடுத்தவுடன் ஒரே கேள்வி. "துரை சாப்பிட்டாரா?"

நாய்க்கு மரியாதை கொடுத்துப் பேசுவது அவள் வழக்கம். கல்யாணமான புதிதில் அவரையும் இப்படித்தான் கேலியாகத் துரை என்பாள். அதனால் கேள்வி யாரைப் பற்றியது என்று அவருக்கு ஒவ்வொரு வாரமும் குழப்பம். "சாப்பிட்டாச்சு" என்று பொதுவாகச் சொல்லி வைப்பார். 'வந்துடேன்' என்று ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வரும். முழுங்கிவிடுவார். நாய் இருக்கிறவரைக்கும் போன் வரும், போன் வருகிறவரைக்கும் அவள் என்றாவது வருவாள். இது அவர் போட்டு வைத்த கணக்கு.

ஆகவே நாய் பத்திரமாக இருந்தாக வேண்டும்.

மறுநாள் தாழ்ப்பாளைக் கம்பியால் இறுக்கி முறுக்கிவிட்டு ஆபீசுக்குப் போனார். சாயங்காலம் துரையின் காலில் நாயுருவி. கம்பி அழகாகச் சுருட்டப்பட்டு கேட்டில் மாட்டியிருந்தது.

"முறுக்கைப் பிரிச்சு, சுருட்டி, மாட்டி வேற வச்சிருக்கு" என்று ஆபீசில் சொன்னார்.

அவருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் கையிலிருந்த சங்கிலியைக் கீழே வைத்தார். "நம்ம ஆபீஸ்ல ஒருத்தரும் அவ்வளவு சுத்தமா வேலை செய்ய மாட்டாங்க சார்."

அடுத்தது பூட்டு. பெரிய பித்தளைப் பூட்டாக வாங்கிப் போட்டு, சாவியை கேட் தூணின் மேலிருந்த பூந்தொட்டிக்கு அடியில் வைத்தார். அந்த வீட்டில் சாவி வைக்கிற இடம் இருபத்தாறு வருஷமாக அதுதான். சாயங்காலம் வந்தால் பூட்டு பூட்டியபடி, சாவி தொட்டிக்கடியில், நாயுருவி துரையின் காலில்.

நாய் பூட்டைத் திறக்காது. அந்த மட்டுக்கும் சர்வேயருக்குத் தெளிவு இருந்தது. எனவே டேப்பை எடுத்து மதிலை அளந்தார். நாலு அடி மூன்று அங்குலம். துரையையும் நிற்க வைத்து அளந்தார். ஒரு தாளில் கணக்குப் போட்டு, நாய் மதிலைத் தாண்டுகிறது என்று முடிவு கட்டி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"சங்கிலியில கட்டிப் போடுங்க சார். சங்கிலி நமக்குப் புதுசா?" என்றார் செயின்மேன்.

"அவ கட்டிப் போடக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"அப்ப கண்ணுக்குத் தெரியாத வேலின்னு ஒண்ணு வந்திருக்கு. என் மச்சான்தான் போட்டுத் தர்றான்."

அந்த ஞாயிறு போனில் துரை சாப்பிட்ட விவரம் முடிந்த பிறகும் மனைவி வைக்கவில்லை.

"வீட்டைப் பூட்டிட்டுத்தானே போறீங்க?"

"ஆமா."

"சாவி?"

"எப்பவும் வைக்கிற எடம்தான். வேற எங்க வைப்பேன்?"

"ம்" என்றாள். வழக்கத்தைவிட நீளமான 'ம்'. சர்வேயர் அதை அளக்கவில்லை.

மத்தியானம் வேலிக்காரர் வந்தார். தோட்டத்தைச் சுற்றி மண்ணுக்கடியில் ஒரு ஒயர். வீட்டுக்குள் ஒரு கருவி. நாயின் கழுத்தில் ஒரு பட்டை. ஒயரை நெருங்கினால் பட்டை கீச்சென்று கத்தும். இன்னும் நெருங்கினால் சுரீர் என்று ஷாக் அடிக்கும்.

"வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் சார்."

"எந்த எறும்பு?"

வேலிக்காரர் மண்ணைக் கொத்த ஆரம்பித்தார். மதிலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி ஒயரைப் புதைக்கலாம் என்றார். சர்வேயருக்கு வந்ததே கோபம். "மூணடியை யாருக்குய்யா தானம் பண்றது?" என்று மண்வெட்டியைப் பிடுங்கி, எல்லைக் கல்லை ஒட்டித் தாமே புதைத்தார்.

போகும்போது வேலிக்காரர் சொன்னார். "நாய் பழகறவரைக்கும் கேட்டைப் பூட்டியே வைங்க. சாவியையும் கையோட வச்சுக்குங்க. யாராவது வந்து கூப்பிட்டா அதுக்குக் குழம்பிரும்."

"எங்க வீட்டுக்கு யாரு வரப்போறா?" என்றார் சர்வேயர்.

கருவியில் ஒரு திருகு இருந்தது. அதைக் கூட்டினால் ஷாக் அடிக்கும் எல்லை அகலமாகும். நாய் ஓடி வந்து தாண்டினால்? பத்திரத்துக்கு இருக்கட்டும் என்று மறுநாள் காலையில் கொஞ்சம் கூட்டிவைத்துவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

சாயங்காலம் துரையின் காலில் நாயுருவி இல்லை.

அவருக்கு உலகத்தையே அளந்து முடித்த சந்தோஷம். சந்தோஷத்தில் திருகை இன்னும் கொஞ்சம் கூட்டினார். புதன்கிழமை துரையின் ராஜ்யம் வராந்தாவோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை கால் துடைக்கும் மிதியடியோடு முடிந்தது. மிதியடியில் நாலு காலையும் ஒடுக்கி நின்றுகொண்டு, செம்பருத்திச் செடியை ஏக்கத்தோடு பார்த்தது துரை. காலைத் தூக்கக்கூட இடமில்லை.

பாவம் பார்த்து, திருகைப் பழையபடி குறைத்து, பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நாயைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினார். பை கீச்சென்றது. என்ன சத்தம் என்று நின்றார். நின்ற இடம் சரியில்லை. மறு நிமிஷம் நாயோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்.

தையல் மாஸ்டர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார். "என்ன சார், நெஞ்சா?"

"இல்ல மாஸ்டர். எறும்பு."

பட்டை பையில் இருப்பதை அவர் மேலும் இரண்டு தடவை மறந்தார். அதற்கப்புறம் பை காலியாக இருந்தாலும் கேட் பக்கம் வந்தால் கால் தானாக நின்றது. ஆபீசில் செயின்மேன் சைக்கிள் மணி அடித்தால் சர்வேயர் நாற்காலியில் துள்ளினார். ஒரே வேலியில் இரண்டு துரைகளும் பழகிவிட்டன.

ஞாயிறு வந்தது. நல்ல சேதி கைவசம் இருந்தது. துரை இப்போது வெளியே போவதே இல்லை. சர்வேயர் ஒன்பதே முக்காலுக்கே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து அடித்தது. பத்தேகால். பதினொன்று.

போன்தான் கெட்டுவிட்டதோ என்று எதிர்க்கடைக்குக் குரல் கொடுத்தார். "மாஸ்டர், என் நம்பருக்கு ஒரு போன் பண்ணுங்களேன்."

மாஸ்டர் பண்ணினார். மணி கணீரென்று அடித்தது.

"நல்லாத்தானே அடிக்குது சார்."

"அதான் தெரியுதே" என்றார் சர்வேயர்.

அடுத்த ஞாயிறும் போன் வரவில்லை. மானத்தை விட்டு அவரே கூப்பிட்டார். மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை.

சர்வேயர் துரையின் கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்தார். "போடா, எங்க வேணா போ" என்றார். துரை மிதியடியை விட்டு நகரவில்லை. வெறுங்கழுத்தோடு, அவரையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை அவருக்கு. மண்வெட்டியை எடுத்து வந்து, அங்குலம் பிசகாமல் தாமே புதைத்த ஒயரை வெறியோடு தோண்டி இழுத்தார். கண் கலங்கியிருந்தது. வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கழுத்தில் டேப்போடு மாஸ்டர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

"வேலியை எடுக்கறீங்களா சார்?"

"எடுத்துட்டேன்."

"அப்ப ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

"எந்த அம்மா?"

"எந்த அம்மாவா? நம்ம வீட்டு அம்மாதான் சார். ரெண்டு மாசமா நீங்க ஆபீஸ் போனதும் பஸ்ல வந்துடுவாங்க. துரையைக் கூட்டிக்கிட்டுக் கால்வாய்க் கரைவரைக்கும் நடப்பாங்க. கொண்டாந்து விட்டுட்டு, பூட்டிட்டுப் போயிடுவாங்க."

சர்வேயர் மண்வெட்டியைக் கீழே போட்டார். தாழ்ப்பாள், சுருட்டிய கம்பி, பித்தளைப் பூட்டு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மனசில் ஓடின. முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

"தினமும் வந்தாளா?"

"மழை பெஞ்சாலும் வருவாங்க. பூட்டு போட்டீங்களே, அன்னிக்குத் தொட்டிக்கடியில சாவியைப் பார்த்துட்டு, 'எனக்குத்தான் வச்சிருக்காரு மாஸ்டர், வாயால சொல்ல மாட்டாரு'ன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க."

சர்வேயர் பரபரவென்று சாவியை எடுத்துத் தொட்டிக்கடியில் வைத்தார். வைத்ததை மறுபடி எடுத்து, கேட்டையே விரியத் திறந்தார். "நாளைக்கு லீவு போட்டுடறேன் மாஸ்டர். வந்தா நானே நிக்கறேன்."

மாஸ்டர் டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். "இப்ப ரெண்டு வாரமா வர்றதில்ல சார்."

"ஏன்?"

"நீங்க வேலி போட்ட மறுநாள் வந்தாங்க. தொட்டியைத் தூக்கினாங்க, சாவி இல்ல. துரையைக் கூப்பிட்டாங்க. வாலாட்டிக்கிட்டு நாலடி வந்துச்சு. கழுத்துல கீச்சுன்னுச்சு, கத்திக்கிட்டு உள்ள ஓடிருச்சு. எத்தனை கூப்பிட்டும் வரல. 'வேலி போட்டிருக்காரும்மா, நாய்க்கு'ன்னு நான் சொன்னேன். 'யாருக்குன்னு தெரியுது மாஸ்டர்'னாங்க."

"அதுக்காகவா?" என்றார் சர்வேயர். "தினமும் வர்றவ. ஒரு நாள் நாய் வரலேன்னா, சாவி இல்லேன்னா, மறுநாள் வந்து பார்த்திருக்கலாமே. என்னைக் கேட்டிருக்கலாமே."

மாஸ்டர் அவர் முகத்தைப் பார்க்காமல் துரையைப் பார்த்தார்.

"தினமும் வர்ற மாதிரி வரல சார் அன்னிக்கு. துணிமணியெல்லாம் பெட்டியில எடுத்துக்கிட்டு வந்திருந்தாங்க."