அலமாரிக்குள் செய்திகள்

"வணக்கம். செய்திகள் வாசிப்பது மெர்வின்" என்று சொல்லி முடிப்பதற்குள் குக்கர் விசில் அடித்தது.

மெர்வின் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பித்தான். இந்த முறை தலைக்கு மேலே விமானம். அவன் வீடு இருக்கும் சென்னை அஸ்தினாபுரத்தில் மொட்டை மாடிக் கொடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்று நினைக்கும்படிதான் விமானங்கள் இறங்கும். அதற்கடுத்த முறை மாடிவீட்டு மிக்சி. பிறகு ஒருவழியாக எல்லாம் அடங்கி, முதல் செய்தியையும் படித்துவிட்டான். அப்போது அவன் அம்மா ஜெயசீலி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா தனியா பேசிட்டிருக்கே?"

மெர்வின் தலையில் அடித்துக்கொண்டான்.

அவன் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் விஸ்காம் இறுதியாண்டு படிக்கிறான். சின்ன வயதிலேயே சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு, சாப்பிட உட்கார்ந்தவர்களுக்கு வானிலை அறிக்கை சொன்னவன். இப்போது ஒரு செய்தி சேனல் மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, திரையில் உட்கார வைப்பதாக அறிவித்திருந்தது. அதற்கு ஐந்து நிமிடச் செய்தி வாசிப்பு ஒன்றைப் பதிந்து அனுப்ப வேண்டும். ஒரே மூச்சில் பதிந்திருக்க வேண்டும், வெட்டு ஒட்டு கூடாது, பின்னணியில் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு வாசல் அடைப்பு.

"கிடைக்கலைன்னா மறுபேச்சு பேசாம பி.எட். சேர்ற" என்று ஜெயசீலி தீர்ப்பு எழுதிவிட்டாள். அவளும் டீச்சர், அவள் அக்கா தங்கைகளும் டீச்சர். அந்தக் குடும்பத்தில் சாக்பீஸ் பிடிக்காத கை மெர்வினுடையது மட்டும்தான். இது கிடைக்காவிட்டால் தன் ஆயுள் முழுக்க 'சத்தம் போடாதே' என்று சொல்வதிலேயே போய்விடும் என்று அவன் நிஜமாகவே பயந்தான்.

கல்லூரி ஸ்டுடியோவில் இறுதியாண்டுக் குறும்படக்காரர்கள் ரேஷன் கடை போல வரிசையில் நின்றார்கள். அவன் வகுப்புத் தோழி ஆஷாதான் வழி சொன்னாள். ஒலிப்பதிவில் அவள் கெட்டிக்காரி.

"காலியா ஒரு வீடு பாருடா. உள்ள துணி தொங்குற பெரிய கப்போர்டு இருந்தா, அதுக்குள்ள உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டுப் படி. துணி எதிரொலியை முழுங்கிடும். வீட்லேர்ந்து டப்பிங் பண்றவங்க பாதிப் பேர் அப்படித்தான் பண்றாங்க."

காலி வீடு ஒன்று மாடம்பாக்கத்தில் இருந்தது. பெரியப்பா எட்மண்டின் வீடு. அவர் மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போய் ஒரு வருஷம் ஆகிறது. கரண்டைக்கூடத் துண்டிக்கச் சொல்லிவிட்டுப் போன மனிதர். பின்கதவுச் சாவி மட்டும் ஜெயசீலியிடம் இருந்தது.

"போ. ஆனா முன்பக்கமா போகாதே, பின்சந்து வழியா போ. எதிர்வீட்டுக்காரங்க பார்த்தா உடனே உங்க பெரியப்பாவுக்குப் போன் போட்டுடுவாங்க. அப்புறம் என் மானம் கப்பலேறிடும்."

"பக்கத்து வீட்ல?"

"அது எப்பவோ காலியாயிடுச்சு. அங்க யாரு இருக்கா?"

செவ்வாய்க்கிழமை மதியம் மெர்வின் பின்சந்து வழியாகத் திருடனைப் போல உள்ளே நுழைந்தான். வீட்டுக்குள் பகலிலேயே இருட்டு. சோபாக்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. சுவரில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. படுக்கையறையில் சுவரோடு சேர்த்துக் கட்டிய பெரிய தேக்கு அலமாரி. அதில் பெரியப்பாவின் கோட்டுகள் தலையில்லாத ஆட்கள் போல வரிசையாகத் தொங்கின. அவற்றை விலக்கி, உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவைச் சாத்தினான். அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறியது. செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடமும் நாக்குப் புரளாமல் வாசித்தான்.

மறுநாள் காலை கேன்டீனில் ஆஷா ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டாள். பாதியில் அவள் முகம் மாறியது.

"கூட யார்டா இருந்தா?"

"யாருமில்லயே."

"அப்ப இது யாரு?"

மெர்வின் கேட்டுப் பார்த்தான். தங்கம் விலை சவரனுக்கு இருநூறு ரூபாய் உயர்ந்தது என்று அவன் குரல் சொல்கிறது. அதற்குப் பின்னால், எங்கோ ஆழத்தில், ஒரு பெண் பெருமூச்சு விடுகிறாள். பிறகு மெல்ல விசும்புகிறாள்.

"தங்கம் விலை கேட்டா யாருதான் அழமாட்டாங்க?" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

"ஏதாவது பூனையா இருக்கும். நீ கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பே, வெளிச்சத்தம் வந்திருக்கு. இன்னிக்கு அலமாரியோட பின்பலகையில முதுகை ஒட்டி உட்காரு. மைக்கையும் அந்தப் பக்கமே வை. கதவு இடுக்குல போர்வையைத் திணி."

புதன்கிழமை அப்படியே செய்தான். உள்ளே காற்றுகூட இல்லை. வியர்வை காதோரம் வழிய வழிய வாசித்து முடித்து, அங்கேயே இருட்டில் உட்கார்ந்து போட்டுக் கேட்டான்.

வணக்கம், செய்திகள் வாசிப்பது மெர்வின் என்று அவன் சொன்னதும் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில், தோளுக்குப் பின்னால் நின்று கூப்பிடுவது போல ஒரு குரல்.

"மெர்வின்... மெர்வின்..."

கோட்டு ஒன்று அவன் கழுத்தில் உரசியது. மெர்வின் அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்து, அடுத்த பகுதியான ராஜகீழ்ப்பாக்கம் வந்துதான் திரும்பிப் பார்த்தான். போர்வையின் ஒரு முனை இன்னும் அவன் கையில் இருந்தது.

"அதுக்கு என் பேர் தெரியுது ஆஷா!" என்று போனில் கத்தினான்.

"பதறாதே. ஃபைலை அனுப்பு, நான் சுத்தம் பண்ணிப் பார்க்கிறேன்."

"வெட்டு ஒட்டு கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே!"

"அனுப்புறதுக்கு இல்லடா. அது என்னன்னு தெரிஞ்சுக்கத்தான்."

ராத்திரி முழுக்க உட்கார்ந்து சுத்தம் பண்ணி, காலையில் பெருமையோடு கொண்டுவந்தாள்.

"உன் குரலை மொத்தமா எடுத்துட்டேன். இப்ப அது மட்டும் கண்ணாடி மாதிரி கேக்குது."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். தேர்தல் செய்தி இருந்த இடத்தில் அந்தக் குரல், "அதெல்லாம் உனக்கு இனிமே எதுக்குப்பா?" என்றது. புயல் எச்சரிக்கை இருந்த இடத்தில், "உன்னை எந்தப் புயல் என்ன பண்ணப் போவுது?" என்றது. குரலில் கோபமே இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிற குரல். அதுதான் மெர்வினின் முதுகெலும்பில் ஐஸ் வைத்தது.

"அந்த வீட்ல யாரோ செத்திருக்காங்கடா" என்றாள் ஆஷா. "உன்மேல அவங்களுக்கு ஒரு பாசம் வந்துடுச்சு."

"எனக்கு வேண்டாம் அந்தப் பாசம்!"

"அப்ப சத்தமா வாசி. அவங்க பேசறது கேக்காத அளவுக்கு, கட்சி மீட்டிங் மாதிரி வாசி. மைக்குல உன் குரல் மட்டும்தான் ஏறும்."

வேறு வழி? வியாழக்கிழமை மதியம் பயத்தைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு அலமாரிக்குள் ஏறினான். அடிவயிற்றிலிருந்து முழங்கினான். இரண்டாவது செய்தியிலேயே அந்துருண்டை வாசனைக்கு நடுவில் சாம்பிராணி வாசனை கிளம்பியது. பூட்டிய வீடு, சாத்திய அலமாரி, அதற்குள் சாம்பிராணி. மூன்றாவது செய்தியில் மணிச் சத்தம். அவன் குரலை உயர்த்த உயர்த்த மணியும் வேகமெடுத்தது. மெர்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனப்பாடமாகக் கடைசி வரிக்கு வந்தான்.

"செய்திகள் நிறைவடைந்தன. மீண்டும் நாளை இதே நேரத்தில் சந்திப்போம்!"

"ஐயோ, நாளைக்குமா!" என்று ஓர் அலறல் எழுந்தது.

அன்று அவன் ராஜகீழ்ப்பாக்கத்தில்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தவன் முகத்தைப் பார்த்து ஜெயசீலி நெற்றியில் கை வைத்தாள். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேய்க்காக மட்டுமல்ல, பி.எட்.டுக்காகவும்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் அவள். சொல்லிவிட்டு, அவளாகவே எழுந்துபோய்ச் சிலுவை ஒன்றை எடுத்துவந்து அவன் கழுத்தில் மாட்டினாள். "நாளைக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாய்விட்டு ஜெபம் பண்ணு. ஆண்டவர் பேரைச் சொன்னா எதுவும் கிட்ட வராது. போயிட்டு வா, எனக்கும் நீ டிவியில வர்றதைப் பார்க்க ஆசையாத்தான் இருக்கு."

அம்மா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அதற்காகவாவது போயே ஆகவேண்டும் என்று மெர்வினுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை. கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். வானம் மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் அவன் நிழல்கூட அவனோடு வர மறுத்தது. அலமாரிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, செல்போன் விளக்கை எதிரே நிறுத்தி வைத்தான். பதிவைத் தொடங்குவதற்கு முன்னால் கைகளைக் கூப்பி, அம்மா சொன்னபடி வாய்விட்டே ஜெபித்தான்.

"ஆண்டவரே, இந்த வேலையை எனக்குத் தாரும். இதுக்காகத்தான் இத்தனை நாளா கிடந்து தவிக்கிறேன்."

"தெரியும் கண்ணு" என்றது குரல்.

சிலுவையை இறுகப் பற்றிக்கொண்டான். இது ஆண்டவராகவே இருக்குமோ என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் ஆண்டவர் பெண் குரலில் பேசுவதாக ஞாயிறு பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை.

"என்... என் வாழ்க்கைக்கு ஒரு வழி காட்டும்."

"வாழ்க்கை முடிஞ்சுடுச்சுப்பா மெர்வின். நீ செத்துட்டே. அது உனக்கே தெரியல."

மெர்வின் தன் மணிக்கட்டைத் தொட்டு நாடி பார்த்தான். பயத்தில் அதுவும் அகப்படவில்லை. புதன்கிழமை போர்வையோடு ஓடியபோது ரோட்டைச் சரியாகப் பார்த்துத்தான் கடந்தோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. ஒரு லாரி ஹாரன் அடித்தது நினைவிருந்தது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் நிஜம்தானா? அம்மா அவ்வளவு அன்பாகப் பேசினாளே, உயிரோடு இருக்கிற மகனிடம் அவள் அப்படிப் பேசுகிறவளே இல்லையே!

"எதிர்ல ஒரு வெளிச்சம் தெரியுதா கண்ணு?" என்றது குரல், மிகவும் கனிவாக.

தெரிந்தது. கோட்டுகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு வெளிச்சம். அது தன் செல்போன் விளக்கு என்பது அந்த நேரத்தில் அவன் புத்திக்கு எட்டவில்லை.

"தெ... தெரியுது" என்றான்.

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் உருண்டு விழும் சத்தம். பிறகு அந்தக் குரல் நடுங்கி நடுங்கிச் சொன்னது:

"அப்ப அதுக்குள்ள போயிடுப்பா. திரும்பிப் பார்க்காம போயிடு!"

மெர்வின் போய்விட்டான். ஆனால் வெளிச்சத்துக்குள் அல்ல. அலமாரிக் கதவை உடைக்காத குறையாகத் திறந்து, இரண்டு கோட்டுகள் கழுத்தில் மாலையாகத் தொங்க, பின்கதவு வழியாகச் சந்தில் பாய்ந்து, மூலையில் திரும்பி முன்தெருவுக்கே வந்துவிட்டான். அம்மா மானம், பெரியப்பா, எதிர்வீட்டுக்காரர் எதுவும் நினைவில் இல்லை. மனிதமுகம் ஒன்றைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

பார்த்தான். பெரியப்பா வீட்டை ஒட்டினாற்போலிருந்த வீட்டிலிருந்து ஓர் அம்மாள் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும். நெற்றி நிறைய விபூதி, ஒரு கையில் மணி, மறு கையில் எலுமிச்சம்பழம். உள்ளேயிருந்து ஒருவர், "லோகநாயகி, நில்லு! தனியா போகாதே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி!" மெர்வின் அவள் குறுக்கே போய் நின்றான். பற்கள் தந்தி அடித்தன. "நான் உயிரோட இருக்கேனா? உங்களுக்கு என்னைத் தெரியுதா?"

"நல்லா தெரியுதே! என்னப்பா ஆச்சு, ஏன் இப்படி நடுங்குறே?"

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அந்த வீட்டுப் பக்கம் போகாதீங்க ஆன்ட்டி. உள்ள பேய் இருக்கு. என் காதால கேட்டேன்!"

லோகநாயகி அவன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவள் கையும் ஜில்லென்று இருந்தது.

"நீயும் கேட்டியா? நாங்க போன மாசம்தான் தம்பி குடிவந்தோம். எங்க சாமி அலமாரிக்குப் பின்னாலேர்ந்து நாலு நாளா தினம் மத்தியானம் குரல் வருது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யாரோ மெர்வின்னு ஒரு பையன், பாவம், வேலை கிடைக்காத ஏக்கத்துலயே போய்ச் சேர்ந்திருக்கான், செத்தும் விடாம நியூஸ் வாசிக்கிறான்... வாசிக்கிற லட்சணத்தைக் கேட்டா, உயிரோட இருந்திருந்தாலும் யாரும் வேலை கொடுத்திருக்க மாட்டாங்கன்னுதான் தோணுது!"