ஆணிக்காரரின் மூன்று விரல்கள்

எருமப்பட்டி வட்டாரத்தில் எங்கள் ஆணிக்காரர் விரலை விட்டுப் பார்க்காத துளை ஒன்று இருக்கிறதென்றால், அது அவர் காலத்துக்குப் பிறகு போட்டதாகத்தான் இருக்கும்.

யுத்தம் முடிந்த சமயம் எங்கள் பண்ணை முதலாளியான மிட்டாதார் டிராக்டர் வாங்கினார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான்தான் ஓட்டுநர். பின்னால் கலப்பையை ஆணி போட்டு மாட்டுவது ஆணிக்காரர் வேலை. ஆணியில் மூன்று பருமன். துளையில் சுண்டுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் என்று விட்டுப் பார்ப்பார். எந்த விரல் இறுக்கமாக நிற்கிறதோ, அந்தப் பருமன் ஆணி.

"நேத்துத்தானுங்ணா இதே துளையை அளந்தீங்க?"

"நேத்து அளந்தது நேத்தோட போச்சு. இரும்பு தேயுமப்பா."

உளுந்து வடையைக்கூட அளக்காமல் தின்னமாட்டார். "ஆள்காட்டி ஆணி" என்று அறிவித்துவிட்டுத்தான் கடிப்பார்.

"உங்க கலியாண மோதிரம் எந்த ஆணி அளவுங்ணா?" என்பேன்.

"பொண்ணு ஊட்டுல கேட்டுச் சொல்றேன்."

"போன வருசமும் இதையேதானுங்க சொன்னீங்க!"

பெண் வீடும் கிடையாது, சொந்த வீடும் கிடையாது. டிராக்டர் கொட்டகைதான் படுக்கை. பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போய்விட்டால், தனியாக உட்கார்ந்து ஆணிகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்.

கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் உழவுக்காடு. அதில் நாங்கள் இரண்டே பேர். நான் ஓட்ட, அவர் கலப்பைக்குப் பின்னால் ஆணியைப் பார்த்தபடி நாள் முழுக்க நடப்பார். சத்தத்தில் பேச முடியாது. நான் திரும்பினால் கையைத் தூக்குவார். ஆணி இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் அவருடைய ஆள்காட்டி விரலைக் குளவி கொட்டிவிட்டது. விரல் வாழைக்காய் கணக்காக வீங்கிவிட்டது. அதையும் துளையில் விட்டார். கட்டைவிரல் ஆணி போடவேண்டிய பெரிய துளையில் கச்சிதமாக நின்றது! ஆள்காட்டி ஆணியைப் போட்டுவிட்டு, காய்ச்சலோடு வேப்பமரத்தடியில் போய்ச் சாய்ந்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்க்காமல் பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை எடுத்தேன். இரண்டு சுற்று முடித்துத் திரும்பினால், மிட்டாதார் விருந்தாளிகளோடு வரப்பில் நிற்கிறார். மண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. கலப்பை ஆரம்பித்த இடத்திலேயே படுத்துக் கிடக்கிறது.

விருந்தாளிகள் சிரித்தார்கள். மிட்டாதார் கத்தினார். "இதை மாட்டுனவன் ஆருடா? அவன் இனிப் பண்ணைக்குள்ள இருக்கப்படாது!"

ஆணிக்காரர் மரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் போவதற்கு உலகத்தில் ஓர் இடம் கிடையாது.

"நாந்தானுங்க மாட்டுனேன்" என்றேன். டிராக்டர் ஓட்ட அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது என்ற தைரியம்தான்.

மிட்டாதார் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில், "இனி ஆணியை நீ தொட்டீன்னா கையை ஒடிச்சுப்போடுவேன். அதுக்குத்தான் அந்த மனுசன் இருக்காரல்ல!" என்றார்.

அவர் போனதும் ஆணிக்காரர் வந்தார். "ஏம்பா பொய் சொன்னே?"

"நீங்க போயிட்டா நான் ஆரைங்ணா கேலி பண்றது?"

வீங்கிய விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காய்ச்சல் விடாமலே கலப்பைக்குப் பின்னால் நடந்தார். நான் திரும்பும் முன்பே கையைத் தூக்கினார்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருசமாகிவிட்டது. இன்றும் உழும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்பிப் பார்க்கிறேன். கலப்பை வருகிறது. கை தூக்கத்தான் ஆளில்லை.