கார்ப்பரேட்டர் சாரும் குடிகார அம்பாசிடரும்

ஒரு சொட்டு மதுவைக்கூடத் தொடாமல், பெங்களூர் முழுக்கச் சாராய வாசனையோடு நடமாடிய ஒரே மனிதர் எங்கள் கார்ப்பரேட்டர் சார்தான். மர்பி டவுனில் நான் மாடியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்பரேட்டரை எந்நேரமும் நோண்டிக்கொண்டிருந்ததால் வந்த பட்டப்பெயர் அது. அவருடைய நிஜப் பெயரைக் கேட்டால் தபால்காரரே தலையைச் சொறிவார்.

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. கல்யாணமாகி ஆன்ட்டியை அழைத்து வந்த வண்டி. பெட்ரோலில் எத்தனால் கலக்க ஆரம்பித்ததும் அதன் ரப்பர் குழாய்கள் ஊறிப்போய் ஒழுகத் தொடங்கின. விற்றுத் தொலையுங்கள் என்று ஊரே சொன்னது. சார் கேட்பதாயில்லை.

"அரைகுறையா ஊத்துறதாலதான்பா ஒடம்பு கெடுது. முழுசா எத்தனாலுக்கே மாத்திட்டா பழகிடும்!"

குழாய்களை மாற்றினார். வண்டியின் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தி, எரிபொருள் வரும் துளைகளைப் பெரிதாக்கினார். அன்றைய ரசத்தில் பித்தளைத் தூள் மிதந்ததாக ஆன்ட்டி சத்தியம் செய்வார்.

வெள்ளோட்டத்துக்கு நானும் போனேன். அல்சூர் ஏரிக்கரையில் போலீஸ்காரர் கை காட்டினார். ஜன்னலருகே குனிந்தவர் முகம் சுளித்து, குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் கருவியை நீட்டி, ஊதச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டினார்.

"ஊதி ஸ்வாமி, ஊதி!"

சார் ஊதினார். கருவி வாயே திறக்கவில்லை.

"குடிச்சது நான் இல்ல சார், வண்டி. வேணும்னா அதோட சைலன்சர்ல வெச்சுப் பாருங்க!"

போலீஸ்காரர் எங்களைக் கும்பிட்டு அனுப்பி வைத்தார்.

விஷயம் வீட்டுக்கு எட்டியதும் ஆன்ட்டி கெடு வைத்துவிட்டார். "ஆயுத பூஜை அன்னிக்கு இது என்னைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, வீட்டுல கொண்டாந்து விடணும். இல்லேன்னா மறுநாளே பழைய இரும்புக்காரன் வருவான்." சாருக்கு அன்று முதல் சோறு இறங்கவில்லை.

பூஜையன்று ஒரே தூறல், குளிர். மாலை, வாழைக்கன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் தயார். பட்டுப்புடவையில் ஆன்ட்டி முன்சீட்டில். வண்டி மட்டும் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. குளிரில் எத்தனால் லேசில் பற்றாது.

"கொஞ்சம் பெட்ரோல் காட்டுங்க சார், கெளம்பிடும்" என்றேன்.

"விரதம் கெட்டுடும்பா! வெந்நீர் கொண்டாங்க! இஞ்சின் சூடாகணும்!"

வீட்டுக்கு வீடு குளிக்கப் போட்ட வெந்நீர் வந்தது. நல்ல நாளும் அதுவுமாகப் பாதித் தெரு குளிக்கவில்லை. வண்டியும் அசையவில்லை. ஆன்ட்டி இறங்கி உள்ளே போனார். இரும்புக்காரனுக்குப் போன் பண்ணத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். சார் பானெட்டைப் பிடித்தபடி நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஆன்ட்டி திரும்பி வந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஆவி பறக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு.

"எங்கங்க ஊத்தணும்?"

சார் இடத்தைக் காட்டினார். ஆன்ட்டி ஊற்றினார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி உறுமியது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. தெருவே விசிலடித்தது.

போனவர்கள் ஆட்டோவில் திரும்பினார்கள். கோயில் வாசலில் மறுபடி படுத்துவிட்டதாம். நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன்.

"அப்ப நாளைக்கு இரும்புக்காரன் வரானா ஆன்ட்டி?"

"எதுக்கு? கூட்டிட்டுப் போச்சில்ல? கொண்டாந்து விடுறத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றபடி, சாரின் தலையிலிருந்த தூறலை முந்தானையால் துடைத்துவிட்டார்.

இப்போது நான் ஆனேக்கல் பக்கம் ஓர் அடுக்ககத்தில் இருக்கிறேன். இங்கே கார்கள் சத்தமே இல்லாமல் கிளம்பிவிடுகின்றன. குளிர்ந்த காலைகளில், கீழேயிருந்து யாராவது வெந்நீர் கேட்டுக் கத்தமாட்டார்களா என்று இருக்கிறது.