பலகை காத்த தாழி

தமிழர் தொன்மையைக் காப்பதில் நம் அரசு அலுவலகங்கள் காட்டும் அக்கறைக்கு ஈடாக உலகில் இன்னொன்று கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ் ஏறி, தாமிரபரணிக் கரையில் அன்னம்மாள் கன்னியர் மடத்துக்கு ஒரு நடை போய் வரலாம்.

மடத்துக்கு நூற்றைம்பது வயது. அது நிற்கும் செம்மண் மேட்டுக்கு அடியில் கிடக்கும் பழைய ஊரின் வயதை யாரும் கேட்டதில்லை. முந்தைய மதர்மார் கிணறு வெட்டும்போதும் கொய்யா நடும்போதும் கடப்பாரையில் பானை தட்டுப்படும். நல்லதாக இருந்தால் புளி போட்டு வைப்பார்கள். உடைந்திருந்தால் குரோட்டன்ஸ் வைப்பார்கள். வெளியே மூச்சு விடமாட்டார்கள்.

இப்போதைய தலைவி மதர் ஜெபராணிக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. பொய் சொல்ல நினைத்தாலே வேர்த்துவிடும். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தியதன் விளைவு. அவருக்கு இருந்த ஒரே கவலை மடத்துப் பள்ளி விடுதியின் கழிப்பறை. காலையில் வரிசை கிணற்றடி வரை நிற்கும். அதற்குப் பயந்தே பிள்ளைகள் இரவில் தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளை முஃபீதா வகுப்பில் மயங்கி விழுந்த அன்று மதருக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாளே விடுதிக்கு முன்னால் குழி வெட்டச் சொன்னார்.

‘டங்’ என்றது. தோட்டக்காரர் சங்கிலிபூதத்தான் கடப்பாரையை நிறுத்தினார்.

“மதர், தாழில்லா கெடக்கு! அந்தக் காலத்துல செத்தவங்களை வச்சுப் பொதைச்ச பானை. பைய மூடிட்டு அங்கன தள்ளி வெட்டிருவோம். ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுமே பூதத்தான்,” என்றார் மதர். அரசாங்கத்துக்கு அவரே போன் செய்தார்.

தொன்மைக் காப்புப் பிரிவின் அதிகாரி தில்லைநாயகம் அன்று மாலையே வந்துவிட்டார். குழியைப் பார்த்துக் கைகூப்பினார். கண் கலங்கினார்.

“மதர், நீங்க செஞ்சது சரித்திர சேவை. இனி இந்த மேட்டுல ஒரு பிடி மண்ணை யாரும் அள்ளக் கூடாது.”

“அப்ப கக்கூஸ்? பிள்ளைக என்ன செய்யும்?”

“அது எங்க பிரிவுல வராது மதர். செத்து ரெண்டாயிரம் வருசம் ஆனவங்களைத்தான் நாங்க பாக்கோம். உயிரோட இருக்கவங்களுக்கு வேற ஆபீஸ்.”

அதன்பின் ‘ஆலோசனைக் கூட்டம்’ நடந்தது. அந்த ஆலோசனையை ஆராய இன்னொரு கூட்டம் நடந்தது. எல்லாம் மடத்து வரவேற்பறையில், மடத்துக் காபியோடும் மடத்து முறுக்கோடும்தான். பல மாதங்களுக்குப் பிறகு, ‘உடனடி நடவடிக்கை’யாக ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று: ‘இங்கே மண்ணைத் தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம்.’

பலகை பெரிது. ஆடிக்காற்றில் சாயாமல் நிற்க ஆழமாகத் தோண்ட வேண்டும். தாழிக்கு வைக்கிற பலகை தாழி இருக்கும் இடத்தில்தானே நிற்க வேண்டும் என்பதில் தில்லைநாயகம் உறுதியாக இருந்தார். இயந்திரம் வந்தது. ஒரே குத்து.

“ஐயோ, உடைஞ்சுட்டே!” என்று மதர் அலறினார்.

“காலத்தால் சிதைந்ததுன்னு எழுதிக்கிடுதேன்,” என்றார் தில்லைநாயகம், ஆழ்ந்த துயரத்துடன். சிமெண்ட் ஊற்றினார்கள்.

“இப்பத்தான் தாழி இல்லையே. இங்கன கக்கூஸ் கட்டிக்கிடலாமா?”

“எப்படி மதர்? இப்ப இங்க பலகைல்லா இருக்கு!”

மறுவாரம் மதர் பூதத்தானைச் சமையற்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குழி வெட்டச் சொன்னார். அங்கேயும் ‘டங்’ என்றது. பூதத்தான் மதரைப் பார்த்தார். மதருக்குக் குப்பென்று வேர்த்தது.

“கல்லு,” என்றார். “பைய எடு. கீறல் விழுந்திராம.”

கழிப்பறை எழும்பியது. வரிசை ஒழிந்தது. முஃபீதா இரவில் சொம்பு நிறையத் தண்ணீர் குடித்தாள்.

சில மாதம் கழித்துப் பலகையை ‘ஆய்வு’ செய்ய வந்த தில்லைநாயகம், இரண்டாவது காபிக்குப் பின் நாற்காலியில் நெளிந்தார். “மதர், இங்க பாத்ரூம் எங்கன இருக்கு?”

மதர் புதியதைக் காட்டினார். இருந்த அவசரத்தில் அதை எப்போது கட்டினீர்கள் என்று கேட்க தில்லைநாயகத்துக்குத் தோன்றவில்லை. நிம்மதியாக வெளியே வந்தவர், வாசலில் மல்லிகைக் கொடியோடு நின்ற இடுப்புயரப் பானையைத் தட்டிப் பார்த்தார்.

“இது எங்க வாங்குனிய?”

“மானாமதுரையில,” என்றார் மதர். இந்தமுறை வேர்க்கவில்லை.

“நல்ல வேலைப்பாடுதான். ஆனா பழசுக்குக் கிட்ட வராது மதர்.”

அறுபது வயது வரை வாயில் ஒரு பொய் வராத கன்னியாஸ்திரி, ஒரு தாழியை உடையாமல் காப்பாற்றும் அளவுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார் என்றால், அந்தப் பெருமை முழுவதும் தொன்மைக் காப்புப் பிரிவையே சாரும்.