முதல் பாதியில் ஒன்றுமில்லை

அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் வகுப்பில் முதலில் கை தூக்குவார்கள். முழுக்கத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் தயக்கம் இருக்கும். எனக்குத் தயக்கம் என்ற வியாதி அந்த வயதில் கிடையாது.

எண்பதுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. தமிழ் டீச்சர் ஒரு நாவலைச் சொல்லி, எல்லோரும் படித்துவிட்டு வர வேண்டும் என்றிருந்தார். பள்ளி திறந்ததும் தலைமை ஆசிரியை முன்னால் அதைப் பற்றிப் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவள்தான் அந்த வருடத் தமிழ் மன்றச் செயலாளர். செயலாளருக்கு விழா மேடையில் நாற்காலி உண்டு. அந்த நாற்காலியில் நான் ஏப்ரல் மாதமே மனசுக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா நாவலை வாங்கி வந்தார். மலிவுப் பதிப்பு. புதுப் புத்தக வாசனை பார்க்கலாம் என்று நடுவில் விரித்து மூக்கை வைத்தேன். படக்கென்று இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விழுந்தது.

"விடு, முதல் பாதியை நாளைக்கு நான் ட்ரெயின்ல படிச்சுட்டு சாயங்காலம் தரேன்" என்றார் அப்பா. அவருக்குப் பாரிமுனையில் ஆபீஸ். தாம்பரத்தில் கிளம்பும் மின்சார ரயிலில் ஜன்னல் சீட்டு. மறுநாள் மாலை வெறுங்கையோடு வந்தார். பீச் ஸ்டேஷனில் அவர் இறங்கியிருக்கிறார், புத்தகம் இறங்கவில்லை.

நான் அழ ஆரம்பிப்பதற்குள் சமாதானம் சொன்னார். "அதுல ஒண்ணும் இல்ல கண்ணு. நான்தான் படிச்சுட்டேனே. ஆறு, தோப்பு, குடும்ப அறிமுகம், அவ்வளவுதான். கதையே உன் கையில இருக்கறதுலதான் ஆரம்பிக்குது."

(அடுத்த ஸ்டேஷனான சானடோரியம் வருவதற்குள் அப்பா தூங்கிவிடுவார் என்பது அவரோடு பயணம் செய்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியாது.)

அந்த இரண்டாம் பாதியை நான் எவ்வளவு ரசித்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல், உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்று, கையில் பாதி நாவல். கதாநாயகி மங்கை. படுத்த படுக்கையாக அவள் அப்பா. அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்கட்டு அறையில் சபாபதி என்று ஒருவர். மருந்து வாங்கி வருவார், தண்ணீர் சுமப்பார், திட்டினால் தலைகுனிந்து நிற்பார். மங்கையோ அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். "அவர் செய்ததை மறக்க முடியுமா?" என்று மட்டும் இரண்டொரு இடத்தில் சொல்வாள். பாவம், உள்ளுக்குள் நன்றி இருக்கிறது, வெளியே காட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் அவர் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டுப் போகும்போது தேம்பித் தேம்பி அழுதேன். அம்மா மேலே வந்து, "மாங்கா காரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பள்ளி திறந்தது. டீச்சர் "யார் முதலில்?" என்று கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். சபாபதியை வானளாவப் புகழ்ந்தேன். மங்கையை நன்றி கெட்டவள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இப்படி ஓர் உத்தமரைக் கணவராக அடைய எந்தப் பெண்ணும் தவம் செய்திருக்க வேண்டும்" என்று, தலைமை ஆசிரியையைப் பார்த்துக் கைகூப்பி முடித்தேன்.

கைதட்டல் வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து மல்லிகாவின் குரல்தான் வந்தது. "டீச்சர், இவ இன்னா சொல்றா? கள்ளக் கையெழுத்து போட்டு அவுங்க வூட்டை அமுக்கினவனே அவன்தானே? அந்தப் பொண்ணோட அப்பா படுத்துகினு கீறதே அவனாலதானே?"

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ முழுசாப் படிச்சியா?"

"முதல் பாதியில ஒண்ணும் இல்ல டீச்சர். எங்கப்பா சொன்னார்."

தலைமை ஆசிரியை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சுகள் ஆடின. மல்லிகா செயலாளரானாள். (நன்றாகத்தான் நடத்தினாள்.)

டீச்சர் தன் பிரதியைக் கொடுத்து, படித்துவிட்டு வா என்றார். படித்தேன். சபாபதி கையெழுத்துப் போடப் பேனாவை எடுக்கும்போது எனக்குக் கோபமே வரவில்லை. வேண்டாம் ஐயா, பின்னால் தண்ணீர் சுமந்து சாகப் போகிறீர்களே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. டீச்சரிடம் அப்படியே சொன்னேன். "இதை அன்னிக்குச் சொல்லியிருந்தா மன்றம் உனக்குத்தான்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அப்பாவிடம் நியாயம் கேட்டேன். "ஏன், ஆறும் தோப்பும் வரலையா?" என்றார். வந்தன. முதல் பக்கத்தில்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, குன்றத்தூர் வரன், கூடுவாஞ்சேரி வரன் என்று எது வந்தாலும் அம்மா அப்பாவிடம், "முதல் பாதியை நல்லா விசாரிங்க. ட்ரெயின்ல தூங்கிட்டு வந்துடாதீங்க" என்பாள். தலை தீபாவளியன்று அப்பாவே முழுக் கதையையும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் யாரையாவது புகழ வாயெடுத்தால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "முதல் பாதி படிச்சாச்சா?" என்பார்.

அவருடைய முதல் பாதியை நான் என் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். வாரம் ஓர் அத்தியாயம் வருகிறது. இதுவரை ஆறும் வரவில்லை, தோப்பும் வரவில்லை.