பெருக்கல் குறி இல்லாத கம்ப்யூட்டர்

அப்பா இறந்த ஐந்தாம் நாள், வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்க, நான் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு லினக்ஸ் வீடியோ பார்த்தேன். முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இதற்கு மேல் யார் திட்டினாலும் புதிதாக வலிக்கப்போவதில்லை.

என் பெயர் கோமதி. (சங்கரன்கோவிலில் தெருவுக்கு நாலு கோமதி உண்டு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.) பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒன்பதாம் வகுப்போடு ஒத்துவராமல் போனது. பத்திரிகை, நோட்டீஸ் அடித்துக்கொடுக்கும் ஒரு டிடிபி கடையில் வேலை பார்க்கிறேன். அப்பா பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். ஒருநாள் காலையில் மல்லிகையை நிறுத்துக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காருதேன்" என்றாராம். அவ்வளவுதான்.

அதன்பிறகு துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் "எப்படிம்மா ஆச்சு?" என்பார்கள். நான் மல்லிகையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை என் வாயாலேயே அப்பாவைச் சாகவைத்தேன். அதற்குப் பயந்துதான் கழிவறை. கழிவறையில் சும்மா இருந்தால் அழுகை வரும் என்றுதான் வீடியோ.

எங்கள் கடைக் கம்ப்யூட்டர் கிழடு. விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்குகிறது என்று, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டிருந்தோம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரர் அதே லினக்ஸில் ‘டைலிங் விண்டோ மேனேஜர்’ என்று ஒன்றைக் காட்டினார். நாம் திறக்கிற ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழாது. தரையில் கல் பதித்த மாதிரி தானாகவே பக்கத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எதுவும் எதையும் மறைக்காது. அவருடைய இங்கிலீஷ் எனக்குப் பாதிகூட விளங்கவில்லை. ஆனால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிற ஓர் இடம் உலகத்தில் உண்டு என்றதும் வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

இந்த வகையில் எதைப் போடுவது என்று மூன்று நாள் யோசித்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்தால்கூட வீட்டில் இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். ஹைப்பர்லேண்ட் ரொம்ப அழகு, ஜன்னல்கள் வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டருக்கு அந்தச் சம்பந்தம் தாங்காது. டிடபிள்யூஎம் என்று ஒன்று. அதில் ஒரு நிறத்தை மாற்றக்கூட புரோகிராமையே திறந்து திருத்த வேண்டும். ஒன்பதாம் வகுப்புக்கு அது ஆகாது. கடைசியில் ஐ3 என்கிற அடக்கமான பிள்ளையைத் தேர்ந்தெடுத்தேன். எல்லா ஏற்பாடும் ஒரே பைலில். அந்தப் பைலையும் நான் எழுதவில்லை, எவரோ எழுதிவைத்ததை அப்படியே எடுத்துவைத்துக்கொண்டேன். அதில் ஒரு குணம் இருந்தது. கிளிக் செய்யவே வேண்டாம். மவுஸ் அம்பு எந்த ஜன்னல் மேல் நிற்கிறதோ, நாம் அடிப்பதெல்லாம் அந்த ஜன்னலுக்குள்தான் போகும். நல்ல வசதி என்று நினைத்தேன். (நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும்.)

பத்தாம் நாள் அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, ஊர்ல உள்ளவன் பத்திரிகையெல்லாம் நீ அடிக்க. உங்கப்பாவுக்குப் பதினாறாம் நாள் நோட்டீஸ் ஒண்ணு நல்லபடியா அடிச்சுத் தா. அவரு பேரு இன்னைக்கு வரைக்கும் எந்தப் பத்திரிகையிலயும் மொதல்ல வந்ததில்ல."

அது உண்மை. சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகைகளில் அப்பா பெயர் எப்போதும் கடைசிக்கு முந்தின வரியில் நிற்கும். ஏழு வாடகை வீடு மாறின மனுஷனுக்கு அந்த இடம்தான் கிடைக்கும். இந்த ஒரு காகிதத்தையாவது பிழையில்லாமல் அடிக்க வேண்டும் என்று சபதம் செய்துகொண்டு கடைக்குப் போய், முதல் வேலையாக ஐ3-ஐப் போட்டேன்.

கடைக்கார அண்ணாச்சி திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏ பிள்ள, மூலையில ஒரு பெருக்கல் குறி இருக்கும்லா, ஜன்னல மூடுததுக்கு. அது எங்க?"

"அது தேவையில்ல அண்ணாச்சி. எல்லாம் கீபோர்டுலயே பண்ணிக்கிடலாம்."

"அப்போ எப்படி மூடுவ?"

"எதுக்கு மூடணும்? பக்கத்துல பக்கத்துல வச்சுக்கிடலாம்."

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்பனப் பறிகொடுத்த பிள்ள. நான் ஒண்ணும் சொல்லல" என்று போய்விட்டார். (சொல்லியிருக்கலாம்.)

திரை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் வாசுதேவநல்லூர் வாத்தியார் ஒருவருடைய புதுமனை புகுவிழாப் பத்திரிகை. வலது பக்கம் அப்பாவின் நோட்டீஸ். படம், பெரிய எழுத்தில் சுப்பையா என்று பெயர், அதற்குக் கீழே வாசகம். வாசகத்தின் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாத்தியார் போனில் வந்தார். முன்பக்க வாசகத்தையே பின்பக்கத்திலும் போட வேண்டுமாம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவருடைய வாசகத்தைக் காப்பி செய்தேன். கை மவுஸில் இடித்து அம்பு நகர்ந்தது. ஒட்டினேன். பின்பக்கத்தில் ஒன்றும் விழவில்லை. அம்பை நகர்த்தி மறுபடி ஒட்டினேன், விழுந்தது. முதலில் ஒட்டினது எங்கே போயிற்று என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வலது பக்கம் பார்க்க வேண்டும். அங்கே அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

புரூப் பார்க்கப் பனவடலிசத்திரத்திலிருந்து சித்தப்பா வந்தார். எங்கள் பக்கம் புரூப் பார்ப்பது என்றால் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். பாதித் திரையில் எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரிந்ததால், பெயர்கள் இருக்கிற கீழ்ப்பகுதியை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன்.

"என் பேரு எங்க? ஆங். அதென்ன மச்சான் பேருக்குக் கீழ என்னையப் போட்டிருக்க? நான் கூடப் பொறந்தவன்லா. மேல தூக்கு."

தூக்கினேன். சித்தப்பாவுக்குத் திருப்தி. முந்நூறு நோட்டீஸ் ஓடியது. அவரே வண்டியில் போய்ச் சொந்தக்காரர்களுக்கும் மார்க்கெட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கினவர்கள் எல்லோரும் அவரவர் பெயரைப் பார்த்தார்கள், தேதியைப் பார்த்தார்கள், மடித்துப் பைக்குள் வைத்தார்கள்.

பதினாறாம் நாள். வீடு நிறையச் சனம். அப்பாவோடு மார்க்கெட்டில் வேலை பார்த்த குருவிகுளத்து மாடசாமி மாமா, மினுமினுப்புத் தாள் சுற்றிய பெரிய பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தாளின் கிழிசல் வழியாகச் சுவர்க்கடிகாரம் எட்டிப் பார்த்தது.

சித்தப்பா எழுந்தார். "என்ன வே இது? விசேஷ வீட்டுக்கு வாற மாதிரி கடிகாரத்தோட வந்திருக்கீரு?"

"என்ட்ட கேக்கீரா? நீருதான வே நோட்டீஸ் கொண்டாந்து தந்தீரு? சுப்பையா எனக்குத் தெரியாம வீடு கட்டியிருக்கானேன்னு நெனச்சேன். பிள்ளைக பதினாறையும் பால் காய்ச்சுததையும் ஒண்ணா வச்சிட்டாக போலன்னு வாங்கிட்டு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து உரக்க வாசித்தார். முந்நூறு பேரில் நடுப்பகுதியை வாசித்த ஒரே மனிதர் அவர்தான்.

"அமரர் ஆ. சுப்பையா அவர்கள், புதிதாகக் கட்டியுள்ள இல்லத்தில் இறையருளால் பால் காய்ச்சிக் குடியேற இருப்பதால், தாங்கள் குடும்பத்துடன் வந்திருந்து விழாவைச் சிறப்பித்துத் தருமாறு அன்புடன் அழைக்கிறோம்."

நான் முதலில் ஒட்டின வாத்தியார் வாசகம், அப்பாவின் வாசகத்தை அழித்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. முந்நூறு வீட்டில் அந்தக் காகிதம் கிடக்கிறது. அப்பா பெயர் முதல் தடவையாக முதலில் வந்த காகிதம். எனக்குக் கழிவறை இருக்கிற திசைகூட மறந்துவிட்டது.

"என் பேரு சரியாத்தான இருந்துச்சு" என்றார் சித்தப்பா மெதுவாக.

மூலையில் இருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "மாடசாமி அண்ணே, இன்னொருக்க வாசிங்க."

வாசித்தார். அம்மா சிரித்தாள். பதினாறு நாளில் முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "கோட்டிக்காரி, என்ன காரியம்டி செஞ்சு வச்சிருக்க" என்று என் முதுகில் ஓர் அடி வைத்தாள். பிறகு இன்னொருக்க வாசிக்கச் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.

நான் ஐ3-ஐ எடுக்கவில்லை. பைலில் அம்பு சொன்னபடி கேட்கிற அந்த ஒரு வரியை மட்டும் திருத்திவிட்டேன், இப்போது கிளிக் செய்தால்தான் கேட்கும். துட்டி நோட்டீஸையும் நல்ல காரியப் பத்திரிகையையும் ஒரே திரையில் வைப்பதில்லை. அண்ணாச்சி மட்டும் எதை அடித்தாலும் நடுப்பகுதியை உரக்க வாசித்துவிட்டுத்தான் மிஷினுக்கு அனுப்புகிறார்.

கடிகாரத்தை மாடசாமி மாமா திரும்பக் கொண்டுபோகவில்லை. போன வருஷம் எட்டாவது வாடகை வீட்டுக்கு மாறியபோது, அம்மா முதலில் அப்பா படத்தை மாட்டினாள், பக்கத்தில் அதை மாட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மாள் கேட்டாள்: "இன்னும் எத்தன வருசத்துக்கு இப்படி வாடக வீடு? சொந்தமா ஒண்ணு கட்டப்படாதா?"

அம்மா ஆணியில் கடிகாரத்தை நேராக்கிக்கொண்டே சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு எப்பவோ கட்டிக் குடியேறியாச்சு அக்கா. நோட்டீஸே அடிச்சோம்லா. நாங்கதான் இன்னும் சாமான் கட்டல."